சிறுநீர்ப்பைக்கு நரம்பு மின்தூண்டல் சிகிச்சை: முதல் நாட்குறிப்பு முதல் கருவி பொருத்தும் வரை

அடுத்த கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வெளியே கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாத்திரைகளால் போதிய பயன் கிடைக்காத நிலையில், சிறுநீர்ப்பையோடு தொடர்புடைய நரம்புகளுக்கு மெல்லிய மின்துடிப்பு கொடுக்கும் நரம்பு மின்தூண்டல் எனக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கணுக்கால் வழியாக 12 வாரம், பிறகு இடுப்பின் பின்புறம் ஒரு சோதனைக் கம்பி, அது பயனற்றுப் போனதால் இரண்டாவது சோதனை, அதற்குப் பின்னரே நிரந்தரக் கருவி என்று இந்தப் பாதையைக் கடக்க எனக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. அந்தக் காலத்தில் பாதிக்கு மேல், தேவையான காகிதம் கையில் இல்லாததாலும் கேட்க வேண்டிய கேள்வியை உரிய நேரத்தில் கேட்காததாலும் வீணானது. உங்களுக்கு அந்தக் காலவிரயம் நேரக்கூடாது என்பதற்காகவே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைப் படிப்படியாக வரிசைப்படுத்தியிருக்கிறேன். சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவர் முன் தயாராகப் போய் உட்கார இந்தக் கட்டுரை உதவும்.

1. உங்கள் தொந்தரவு எந்த வகை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

சிறுநீர் கசிவு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பல வகைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மின்தூண்டல் பொருந்தாது. திடீரென்று அடக்க முடியாத அவசரம் எழுந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் கசிந்துவிடுவது ஒரு வகை. இருமும்போதோ தும்மும்போதோ கனமானதைத் தூக்கும்போதோ கசிவது வேறு வகை. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தும், அதன் வாயை மூடிவைக்கும் சுருக்குத்தசை தளராமல் சிறுநீர் வெளியேற மறுப்பது மூன்றாவது வகை. முதல் வகைக்கும், வழியில் அடைப்பு எதுவும் இல்லாமலேயே சிறுநீர் தேங்குகிற மூன்றாவது வகைக்கும் நரம்பு மின்தூண்டல் பயன்படுகிறது. இருமும்போது மட்டும் கசியும் வகைக்கு இடுப்படித் தசைப் பயிற்சியும், தேவைப்பட்டால் வேறு அறுவை சிகிச்சையும்தான் வழி.

ஆண்களுக்கு விரிவடைந்த புராஸ்டேட், சிறுநீர்க்குழாய்ச் சுருக்கம் போன்ற அடைப்பு இருந்தால் அதை முதலில் சரிசெய்தாக வேண்டும், ஏனென்றால் அடைப்பு இருக்கும்போது நரம்பைத் தூண்டிப் பயனில்லை. இளம் பெண்களில் காரணம் தெரியாமல் சிறுநீர் தேங்கிப்போகும் ஃபௌலர் நோய்த்தொகுதி என்று ஒன்று உண்டு. சுருக்குத்தசை தளர மறுப்பதால் வரும் இந்த நிலையில், முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பு வழியாகச் செய்யப்படும் தூண்டல் பலருக்கு நல்ல பலன் தருகிறது. "உங்களுக்கு ஒன்றுமில்லை, மனப் பதற்றம்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் இந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பது நல்லது.

தண்டுவடம் முழுமையாக அறுபட்டவர்களின் நிலை தனியானது. அவர்களுக்குத் திரிக எலும்புப் பகுதியின் எஸ்-2 முதல் எஸ்-4 வரையுள்ள நரம்புகளின் முன்வேர்களைத் தூண்டிச் சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்யும் பிரிண்ட்லி வகைக் கருவி இருக்கிறது. வழக்கமாக அதனுடன் பின்வேர்களை வெட்டும் அறுவையும் சேர்த்தே செய்யப்படுகிறது. வெட்டிய வேரைத் திரும்பச் சேர்க்க முடியாது என்பதால், அந்த முடிவைத் தண்டுவடக் காயச் சிகிச்சையில் அனுபவமுள்ள குழுவோடு நிதானமாகப் பேசித்தான் எடுக்க வேண்டும். மார்பு முதுகெலும்பின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்கள், எந்த மின்தூண்டலைத் தொடங்கும் முன்பும் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. சிறுநீர்க் கட்டுப்பாடு திடீரென்று போய், அதோடு தொடையின் உட்புறமோ பிறப்புறுப்பைச் சுற்றியோ மரத்துப்போனாலோ கால் பலவீனமானாலோ, அது முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் அதற்கான காரணத்தைக் கண்டறிந்த பிறகே மற்ற எதையும் யோசிக்கலாம்.

2. இன்றே நாட்குறிப்பைத் தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கட்டம் வெற்றியா தோல்வியா என்று தீர்மானிப்பது சிறுநீர்ப்பை நாட்குறிப்புதான். காப்பீட்டு நிறுவனம் கேட்பதும் அதைத்தான். எனக்கு முதல் சோதனை செய்தபோது, முந்தைய நிலையைப் பதிவு செய்த நாட்குறிப்பு என்னிடம் இல்லை. "எவ்வளவு குறைந்திருக்கிறது?" என்று மருத்துவர் கேட்டபோது "கொஞ்சம் பரவாயில்லை" என்றுதான் சொல்ல முடிந்தது; அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எவரும் கருவி பொருத்த மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். குறைந்தது மூன்று முழு நாட்கள், இரவும் பகலும், ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் நேரத்தையும் அளவையும் எழுத வேண்டும். அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கழிப்பறையிலேயே வைத்துவிடுங்கள். கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா ஈரக் கையில் மசிந்துபோகும்; என் முதல் தாளில் இரண்டாம் நாள் இரவு எழுதிய மூன்று வரிகளை இன்றுவரை என்னால் படிக்க முடியவில்லை. அளவோடு சேர்த்து, அவசர உணர்வு எவ்வளவு என்பதற்கு 0 முதல் 4 வரை ஓர் எண், கசிவு ஏற்பட்டதா, உடை நனைந்ததா, கசிவை உறிஞ்சும் பட்டையை மாற்ற வேண்டியிருந்ததா, என்ன குடித்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்பதையும் குறியுங்கள். கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுபவர்கள், தானாக வந்த அளவையும் கதீட்டரில் வந்த அளவையும் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும்.

நாட்குறிப்பு சில சமயம் எதிர்பாராத உண்மையைக் காட்டிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 2.8 லிட்டருக்கு மேல் சிறுநீர் போனால், உடலில் சிறுநீர் அதிகம் சுரக்கிறது என்று பொருள். அப்போது சர்க்கரை நோயோ, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும் பழக்கமோ காரணமாக இருக்கலாம், சிறுநீர்ப்பையின் நரம்பைத் தூண்டி அதைச் சரிசெய்ய முடியாது. அதேபோல, வயதானவர்களுக்கு நாள் முழுவதற்குமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் மட்டும் போகிறது என்றால், கால் வீக்கம், இதயம், தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வேலை நாட்கள் இரண்டும் விடுமுறை நாள் ஒன்றும் கலந்து எழுதினால் உங்கள் உண்மையான நிலை தெரியும். குறிப்பு எழுதுகிறோமே என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக் குடிக்காதீர்கள். அப்படிக் குறைத்தால் தொந்தரவு காகிதத்தில் சிறிதாகத் தெரியும், பிறகு முன்னேற்றத்தைக் காட்டுவது கடினமாகிவிடும்.

3. முன்னதாக முடித்திருக்க வேண்டியவை

மின்தூண்டல் பொதுவாக முதல் சிகிச்சையாகத் தரப்படுவதில்லை. சிறுநீரைத் தள்ளிப்போடப் பழகும் பயிற்சி குறைந்தது 6 வாரம், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் இடுப்படித் தசைப் பயிற்சி ஏறக்குறைய 3 மாதம், மலச்சிக்கலைச் சரிசெய்வது, காபி, தேநீர் குறைப்பது ஆகியவற்றை முயன்றிருக்க வேண்டும். பிறகு மாத்திரைகள். ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்றவை ஒரு குடும்பம். மிராபெக்ரான் வேறு குடும்பம். ஒவ்வொன்றையும் 4 முதல் 8 வாரம் எடுத்துப் பார்த்த பிறகே பலனில்லை என்று சொல்ல முடியும். வாய் வறட்சியாலோ மலச்சிக்கலாலோ இடையில் நிறுத்தியிருந்தால், நிறுத்திய தேதியையும் காரணத்தையும் மருத்துவர் தம் குறிப்பில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். "நோயாளி மருந்தைத் தாங்க முடியாமல் நிறுத்தினார்" என்ற ஒரு வரி இல்லாததால் என் காப்பீட்டு விண்ணப்பம் முதல்முறை திரும்பி வந்தது.

பரிசோதனைகளில் சிறுநீர்ப் பரிசோதனையும் கிருமி வளர்ப்புச் சோதனையும் எளிமையானவை. கிருமித் தொற்று இருந்தால் அதுவே அவசர உணர்வைத் தரும் என்பதால் இவை முதலில் வரும். கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேனுக்குச் சில நிமிடங்கள் போதும். யூரோடைனமிக் பரிசோதனைதான் பலரையும் பயமுறுத்துகிறது. மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்ப்பையிலும் இன்னொன்றை ஆசனவாயிலோ பெண்ணுறுப்பிலோ வைத்து, மெதுவாக நீரை நிரப்பி, பை எந்த அளவில் தானாகச் சுருங்குகிறது, சுருக்குத்தசை எப்போது தளர்கிறது என்று அழுத்தக் கோடுகளாகப் பதிவு செய்வார்கள். வலி பெரிதாக இல்லை, கூச்சம்தான் அதிகம். அந்தக் கோடுகள் அச்சான தாளின் பிரதியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், "முடிவு கோப்பில் இருக்கிறது" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

4. கோப்பைச் சேருங்கள்

ஒரே உறையில், தேதி வரிசையில் இவை இருக்கட்டும்: மூன்று நாள் நாட்குறிப்பு, எடுத்த மாத்திரைகளின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, பிசியோதெரபி வருகைப் பதிவு, சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன், யூரோடைனமிக் அறிக்கை, முந்தைய அறுவை சிகிச்சைகளின் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியல்.

கடைசிப் பட்டியலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் சிவப்பில் அடிக்கோடிடுங்கள். ஊசி குத்தும் சிகிச்சைக்கும் அறுவைக்கும் அது முக்கியம். ஆனால் நீங்களாகவே அதை நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை அந்த மருந்தைக் கொடுத்த மருத்துவரே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர், இதய அதிர்வுக் கருவி, உடலில் உள்ள வேறு உலோகக் கருவிகள், கர்ப்பம் அல்லது அதற்கான திட்டம், வலிப்பு நோய், சர்க்கரை நோய் ஆகியவற்றை ஒரு தனித் தாளில் எழுதி முதல் பக்கமாக வையுங்கள். அசல் அறிக்கைகளை எங்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள், பிரதி போதும்.

5. கணுக்கால் வழி: 12 வாரம், வாரம் ஒரு முறை

பெரும்பாலோருக்கு முதலில் சொல்லப்படுவது இதுதான். கணுக்காலின் உட்புறம் ஓடும் டிபியல் நரம்பு, சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் கிளம்பும் அதே முதுகெலும்பு மட்டத்தோடு தொடர்புடையது. அதனால் காலில் கொடுக்கும் மெல்லிய மின்துடிப்பு, பையிலிருந்து மூளைக்குப் போகும் தவறான அவசரச் செய்திகளை அமைதிப்படுத்துகிறது. கணுக்கால் எலும்புக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் மேலே, மயிரிழை போன்ற ஓர் ஊசியைச் செருகி, உள்ளங்கால் பக்கம் ஓர் ஒட்டும் பட்டையை வைத்து, 20 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 20 துடிப்பாக, 30 நிமிடம் மின்சாரம் கொடுப்பார்கள்.

முதல் நாள் எனக்கு ஊசி போட்ட செவிலியர் மின்சாரத்தை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே, "பெருவிரலைப் பாத்துக்கிட்டே இருங்க, எப்ப மடங்குதுன்னு சொல்லுங்க" என்றார். நான் அசைக்காமலேயே பெருவிரல் மெல்லக் கீழ்நோக்கி மடங்கியது, உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அந்த அசைவோ உள்ளங்கால் கூச்சமோ வந்தால்தான் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். ஊசி குத்திய இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்து, விரலிலும் பாதத்திலும் எதுவும் தெரியவில்லை என்றால் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஊசியை மாற்றிப் போடச் சொல்லுங்கள், இல்லையேல் அந்த வாரம் வீண்.

பலன் பெரும்பாலும் ஆறாவது வாரத்துக்குப் பிறகே தெரியத் தொடங்குகிறது. நான்காவது வாரத்தில் "ஒன்றுமே மாறவில்லை" என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இந்தக் கணுக்கால் முறையைப் பற்றி 2010இல் வெளியான சுமிட் என்னும் ஆய்வில் 220 பேர் கலந்துகொண்டார்கள். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 54.5 விழுக்காட்டினரும், போலித் தூண்டல் பெற்றவர்களில் 20.9 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். ஆகவே இது பாதிப் பேருக்குச் சற்று மேல் உதவும் சிகிச்சை. உங்களுக்கு உதவாவிட்டால் அது உங்கள் குறை அன்று.

12 வாரம் முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பலன் கிடைத்தவர்கள் அதைத் தக்கவைத்துக்கொள்ள, ஏறக்குறைய மாதம் ஒரு முறை தொடர்ந்து போக வேண்டியிருக்கும். 12 அரைநாள் விடுப்பு, போக்குவரத்து, பிறகு மாதாந்தர வருகை என்று எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிப் பாருங்கள். அலுவலகத்துக்கு 12 வாரத்துக்கும் சேர்த்து ஒரே கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு வாரமும் காரணம் சொல்ல வேண்டியிருக்காது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இரத்தக் கசிவு நோய் உள்ளவர்களுக்கும், அந்தக் காலின் நரம்பு கெட்டுப்போனவர்களுக்கும் இந்த முறை ஏற்றதன்று.

6. வீட்டிலேயே ஒட்டும் பட்டை

ஊசி இல்லாமல், தோலின் மேல் இரண்டு பட்டைகளை ஒட்டி வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு. ஒரு பட்டை உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், மற்றொன்று அதற்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மேலே. 10 ஹெர்ட்ஸ், 30 நிமிடம் என்பது பரவலான அமைப்பு. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சரியான இடத்தைக் காட்டி, கருவியில் எண்களை அமைத்துக் கொடுத்த பிறகே தொடங்குங்கள். தசைவலிக்கு விற்கப்படும் கருவிகள் எல்லாவற்றிலும் இந்த அமைப்பு வராது. வாங்கும் முன் துடிப்பு எண்ணிக்கையையும் துடிப்பின் அகலத்தையும் தனித்தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பட்டைகளில் பசை போனால் தோல் எரியும், அவற்றை அவ்வப்போது மாற்ற ஆகும் தொகையையும் கணக்கில் சேருங்கள்.

7. இடுப்பின் பின்புறம்: சோதனைக் கட்டம்

கணுக்கால் வழி போதாதவர்களுக்கும் சிறுநீர் தேங்குபவர்களுக்கும் அடுத்தது சேக்ரல் நியூரோமாடுலேஷன். முதுகெலும்பின் அடியில் முக்கோண வடிவில் இருக்கும் திரிக எலும்பின் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, எஸ்-3 நரம்பின் அருகே வைப்பார்கள். இதன் பெரிய நன்மை, நிரந்தரமாகப் பொருத்தும் முன்பே உங்கள் உடலில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம் என்பது. அந்தச் சோதனையை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். வேறுபாட்டை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் நான் ஏமாந்தேன்.

முதல் விதத்தில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, மெல்லிய தற்காலிகக் கம்பியைச் செருகி, முதுகில் பட்டையால் ஒட்டி, வெளியே இடுப்பில் கட்டிய சிறு பெட்டியோடு இணைப்பார்கள். 3 முதல் 7 நாள் வரை வைத்திருந்து பிறகு உருவிவிடுவார்கள். அறுவை அரங்கு தேவையில்லை, செலவும் குறைவு. ஆனால் அந்தக் கம்பியைப் பிடித்துவைக்க உள்ளே எதுவும் கிடையாது, எளிதில் நகர்ந்துவிடும். இரண்டாம் நாள் நான் குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினேன். அதுவரை இடுப்படியில் இருந்த மெல்லிய அதிர்வு அந்தக் கணத்தில் தொடைக்கு மாறியது. அதன் பிறகு நாட்குறிப்பில் எந்த முன்னேற்றமும் இல்லை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, சோதனை தோல்வி என்று பதிவாகிவிட்டது.

இரண்டாவது விதத்தில், நிரந்தரமாகவே இருக்கக்கூடிய, பக்கங்களில் சிறு முட்கள் போன்ற பிடிகளும் நான்கு மின்முனைகளும் கொண்ட கம்பியை எக்ஸ்-ரே பார்த்துக்கொண்டே வைப்பார்கள். சோதனை ஏறக்குறைய இரண்டு வாரமோ, சில இடங்களில் அதற்கு மேலோ நடக்கும். பலன் இருந்தால் பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கு அடியில் கருவியை வைத்து இதே கம்பியோடு இணைத்துவிடுவார்கள். இல்லையென்றால் கம்பியை எடுத்துவிடுவார்கள். எப்படியானாலும் இரண்டு முறை அறுவை அரங்குக்குப் போக வேண்டும். முதல் விதத்தில் தோற்றவர்கள் இரண்டாவது விதத்தில் வெற்றி காண்பது உண்டு, என் கதையே அதற்குச் சாட்சி. ஆகவே தற்காலிகக் கம்பியில் பலன் தெரியவில்லை என்றால், "கம்பி நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டா, மற்ற முறையில் ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்காமல் வெளியே வராதீர்கள்.

கம்பி வைக்கும்போது ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை உள்ளிழுக்கப்படுவதையும் பெருவிரல் மடங்குவதையும் மருத்துவர் பார்ப்பார். இரண்டும் சேர்ந்து வந்தால் எஸ்-3 என்று தெரியும். நீங்கள் விழித்திருந்தால் அதிர்வு எங்கே தெரிகிறது என்று கேட்பார்கள். ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் தெரிவதே நல்லது. கூச்சப்பட்டு "இங்கேதான் எங்கோ" என்று சொல்லாதீர்கள், இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள்.

சோதனை நாட்களில் குளிக்கக்கூடாது, ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். முதுகில் ஒட்டிய பட்டை நனைந்தால் கிருமி உள்ளே போகும். குனிவது, இடுப்பைத் திருப்புவது, எடை தூக்குவது, உடலுறவு எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். உதவிக்கு ஒருவர் வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுத் தேதி வாங்குங்கள். அதிர்வு திடீரென்று இடம் மாறினால் அன்றே அழைத்துச் சொல்லுங்கள். பல சமயம் பெட்டியின் அமைப்பை மாற்றியே சரிசெய்துவிடலாம். மாத்திரைகளைச் சோதனைக்கு முன் எழுதிய நாட்குறிப்பின்போது இருந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள், எதை மாற்றுவதானாலும் கேட்டு மாற்றுங்கள். இல்லையேல் முன்னேற்றம் மருந்தாலா மின்சாரத்தாலா என்று தெரியாமல் போகும்.

வெற்றி என்பதற்கான அளவுகோல் 50 விழுக்காடு. மூன்று நாளில் 12 முறை கசிந்தது 6 அல்லது அதற்கும் கீழே வர வேண்டும். கசிவு இல்லாமல் அடிக்கடி போகிற தொந்தரவு மட்டும் என்றால் போகும் எண்ணிக்கையையும், தேங்குபவர்களுக்குக் கதீட்டரில் வரும் அளவையும் பார்ப்பார்கள். முன்னதாக எழுதிய நாட்குறிப்பையும் சோதனை நாட்குறிப்பையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக எழுதிக் கொண்டுபோனேன், இரண்டாவது முறை ஐந்து நிமிடத்தில் முடிவு வந்தது.

8. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மின்கலம் இரண்டு வகை. சார்ஜ் செய்யத் தேவையில்லாத கருவியில் மின்கலம் தீர்ந்ததும் சிறு அறுவையில் முழுக் கருவியையும் மாற்ற வேண்டும். பழைய மாதிரிகள் 3 முதல் 5 ஆண்டில் தீர்ந்தன, புதியவை 10 ஆண்டைத் தாண்டும்படி வடிவமைக்கப்பட்டவை. சார்ஜ் செய்யும் கருவி அளவில் சிறியது, ஏறக்குறைய 15 ஆண்டு நீடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. ஆனால் சார்ஜரை இடுப்பின் பின்புறம் வைத்து உட்கார மறக்காமல் இருக்க வேண்டும். கை நடுக்கமோ மறதியோ உள்ளவர்களுக்கு முதல் வகையே நிம்மதி என்பது என் கருத்து. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்குச் சிறிய கருவி உறுத்தாது.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கட்டாயம் கேளுங்கள். புதிய மாதிரிகளில் நிபந்தனைகளோடு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், பழையவற்றில் தலைக்கு மட்டுமே அனுமதி இருந்தது. நரம்பு நோய், முதுகுவலி, புற்றுநோய்ப் பின்தொடர்தல் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்விக்கான பதிலே தேர்வைத் தீர்மானிக்கும். கருவியின் மாதிரிப் பெயரையும் கம்பியின் மாதிரிப் பெயரையும் எழுதி வாங்குங்கள், அனுமதி இரண்டையும் பொறுத்தது.

கணுக்காலில் தோலுக்கு அடியில் பொருத்தும் சிறு கருவிகளும் இப்போது வந்துள்ளன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் ஈகாயின் என்னும் கருவிக்கும் 2023இல் ரெவி என்னும் கருவிக்கும் ஒப்புதல் அளித்தது. வாராவாரம் ஊசி போடப் போகத் தேவையில்லை என்பது இவற்றின் வசதி. உங்கள் பகுதியில் கிடைக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

9. செலவை எழுத்தில் வாங்குங்கள்

"மொத்தம் இவ்வளவு ஆகும்" என்று வாய்மொழியாகச் சொல்லப்படும் தொகையில் கருவி மட்டும்தான் இருக்கும், அல்லது கருவியைத் தவிர மற்றவை இருக்கும். மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து மருத்துவர் கட்டணம், அரங்கு, எக்ஸ்-ரே, கம்பி, சோதனைப் பெட்டி, நிரந்தரக் கருவி, ரிமோட், சார்ஜர், பின்னர் அமைப்பை மாற்றுவதற்கான வருகைகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு கேள்விகளை மறக்கவே கூடாது. சோதனை தோற்றால் கம்பியை எடுக்கும் செலவு யாருடையது? ஒரு வருடத்தில் கம்பி நகர்ந்தால் மறு அறுவைக்கு எவ்வளவு ஆகும்?

காப்பீடு இருந்தால் சோதனைக்கு ஒரு முன் அனுமதியும் நிரந்தரக் கருவிக்கு இன்னொரு முன் அனுமதியும் தனித்தனியாகத் தேவைப்படலாம். கம்பி உடலில் இருக்கும்போது இரண்டாவது அனுமதிக்காகக் காத்திருப்பது மிகவும் மோசமான நிலை, நாள் ஆக ஆகத் தொற்று அபாயம் கூடும். சோதனைத் தேதியைக் குறிக்கும் முன்பே, வெற்றி பெற்றால் எத்தனை நாளில் இரண்டாவது அனுமதி தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

10. பொருத்திய பின் முதல் ஆறு வாரம்

கம்பியைச் சுற்றித் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ள ஏறக்குறைய 6 வாரம் ஆகும். அதுவரை குனிந்து எடுப்பது, உடலை முறுக்குவது, கனம் தூக்குவது கூடாது. கீழே விழுந்ததைக் காலை அகட்டி முழங்காலை மடக்கி எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். அதிர்வு எப்போதும் ஒரே அளவில் இருக்காது. உட்காரும்போது வலுவாகவும் படுக்கும்போது வேறாகவும் தெரியும், சில வாரங்களில் தெரியாமலேயே போகலாம். அதிர்வு தெரியவில்லை என்பதற்காக மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், கசிவு குறைந்திருக்கிறதா என்பதை வைத்து முடிவெடுங்கள். வலிக்கும் அளவுக்கு ஏற்றினால் மின்கலம்தான் விரைவில் தீரும்.

முதல் சில மாதங்களில் இரண்டு மூன்று முறை அமைப்பை மாற்றப் போக வேண்டியிருக்கும். அது தோல்வியின் அடையாளம் இல்லை. ஒவ்வொரு முறையும் கருவியின் எந்தப் புரோகிராமுக்கு மாற்றினார்கள், எந்த எண்ணில் வைத்தார்கள் என்பதை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதாமல் விட்டதால், நன்றாக வேலை செய்த பழைய அமைப்புக்குத் திரும்பவே ஒரு மாதம் ஆயிற்று.

காயம் சிவந்து சூடாக இருந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே அழைக்க வேண்டும், ஏனென்றால் கருவியைச் சுற்றித் தொற்று பரவினால் கருவியையே எடுக்க வேண்டியிருக்கும். விழுந்த பிறகு பலன் திடீரென்று நின்றாலோ, கருவி உள்ள இடத்தில் மின்னதிர்ச்சி போல அடித்தாலோ ரிமோட்டால் அணைத்துவிட்டு அழையுங்கள்.

கருவி அடையாள அட்டையின் ஒரு பிரதி பணப்பையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். பல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஸ்கேன் மையம், வேறு அறுவை செய்பவர் என எல்லாரிடமும் முதலில் அந்த அட்டையைக் காட்டுங்கள். டயாதெர்மி என்னும் வெப்ப அலைச் சிகிச்சை உடலின் எந்தப் பகுதிக்கும் கூடாது, ஏனென்றால் அந்த வெப்பம் கம்பி வழியாகப் போய் நரம்பைச் சுட்டுவிடும். விமான நிலையத்தில் சோதனை வாயிலுக்குள் நுழையும் முன்பே அட்டையை நீட்டி, கையால் சோதிக்கச் சொல்லுங்கள். வண்டி ஓட்டும்போது அமைப்பை மாற்றாதீர்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள், கருவியை எப்போது அணைப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, பின்தொடர் வருகைக்கு முந்தைய வாரம், அதே குவளையையும் அதே பென்சிலையும் எடுத்து மூன்று நாள் நாட்குறிப்பை மீண்டும் எழுதுங்கள். கருவியின் வலு மெல்ல மெல்லக் குறைந்தால் நமக்கு எளிதில் தெரியாது. எனக்கு இரண்டாம் ஆண்டில் இரவில் எழுவது ஒன்றிலிருந்து மூன்றாகியிருந்ததைத் தாள்தான் காட்டிக்கொடுத்தது, மின்முனையை மாற்றி அமைத்ததும் மறுபடி ஒன்றாகக் குறைந்தது.